கேமை ஆன் செய்தால் டிவி தானாக மாற வேண்டுமா? ரெண்டு கேபிள், ஒரு விலாசம்

(திரையில்: டீப்பாய் மேல் நாலு ரிமோட், நாலும் பிளாஸ்டிக் உறைக்குள்)

வணக்கம். இது மன்னார்குடியில் எங்கள் வீட்டு ஹால். நாலு ரிமோட்டும் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதை அமுக்கினால் எது வரும் என்பது வீட்டில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் ஏழாவது படிக்கும் அண்ணன் பையன். ராத்திரி கேம் விளையாடிவிட்டு டிவியை அந்த இன்புட்டிலேயே விட்டுவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் போய்விட்டான் என்றால், அம்மாவுக்கு மத்தியான சீரியல் கிடையாது.

கன்சோல், அதாவது கேம் பெட்டியின் பட்டனை அமுக்கினால் டிவியும் ரிசீவரும் (எல்லாப் பெட்டியின் படத்தையும் வாங்கி டிவிக்கு அனுப்பி, சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி) தாமாக எழுந்து சரியான இன்புட்டுக்கு வர வேண்டும். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், ஏற்கெனவே கேபிளுக்குள்ளேயே இருக்கிறது.

(திரையில்: ரிசீவரின் பின்பக்கம்)

முதலில் வயர். கன்சோலிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ கேபிள் ரிசீவரின் இன்புட்டுக்கு. ரிசீவரின் அவுட்டிலிருந்து இன்னொன்று டிவிக்கு. டிவியில் கையில் கிடைத்த ஓட்டையில் செருகாதீர்கள், பக்கத்தில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் ஒன்றில்தான் செருக வேண்டும், ஏனென்றால் டிவிக்குள்ளேயே ஓடும் யூடியூப் சத்தம் அதே கேபிளில் திரும்பி ரிசீவருக்கு வர அந்த ஒரு வழிதான். செட் டாப் பாக்ஸையும் ரிசீவரிலேயே மாட்டிவிடுங்கள்.

(திரையில்: கேபிள் முனை, பெரிதாக)

இந்த முனையில் 19 பின் இருக்கிறது. அதில் 13-வது பின்தான் இன்றைக்கு நமக்கு முக்கியம். அதன் பெயர் சிஇசி. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான ஒரே ஒரு கம்பி, ஒருத்தர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்ததுதான் குழப்பம்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். எல்லாம் ஒன்றுதான்.

சரி, டிவிக்கு எந்த இன்புட் என்று எப்படித் தெரிகிறது? நம்ம ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மேட்டூரில் திறந்த தண்ணீர் மன்னார்குடிக்கு வர வேண்டுமென்றால் கல்லணையில் வெண்ணாற்று ஷட்டர் திறக்க வேண்டும், அப்புறம் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, வெண்ணாறு, பாமணியாறு என்று பிரிகிற இடத்தில் பாமணியாற்று ஷட்டர் திறக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு லஸ்கர், அவரவர் ஷட்டரை அவரவர் திறந்தால் போதும்.

இங்கேயும் அப்படித்தான். டிவிதான் கல்லணை, அதன் விலாசம் 0.0.0.0. டிவியின் 3-வது போர்ட்டில் மாட்டியிருக்கும் ரிசீவருக்கு 3.0.0.0. ரிசீவரின் 2-வது இன்புட்டில் இருக்கும் கன்சோலுக்கு 3.2.0.0. (படம் எதிர்த்திசையில், கன்சோலிலிருந்து டிவிக்குப் போகிறது, ஆனால் விலாசத்தை எண்ணுவது தலைப்பிலிருந்து, அதாவது டிவியிலிருந்துதான்.) கன்சோலை ஆன் செய்ததும் அது முதலில் "டிவி, எழுந்திரு" என்கிறது, அப்புறம் "இனி படம் என்னுடையது, நான் 3.2.0.0" என்று பொதுவாகக் கூவுகிறது. டிவி முதல் எண்ணைப் பார்த்து 3-ஐத் திறக்கிறது, ரிசீவர் அடுத்த எண்ணைப் பார்த்து 2-ஐத் திறக்கிறது. முடிந்தது வேலை.

டிவி, ரிசீவர், கன்சோல் மூன்றிலும் இந்த சிஇசியை ஆன் செய்ய வேண்டும், ஒன்றில் விட்டாலும் நடக்காது. பிஎஸ் 5-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க்கையும் ஒன் டச் பிளேயையும் ஆன் செய்யுங்கள். ரிசீவரில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ கன்ட்ரோல் என்றிருக்கும்.

இனி வம்புகள். நான் கும்பகோணத்தில் ஒரு கடையில் மலிவாக ஒரு கேபிள் வாங்கினேன். படம் பளிச்சென்று வந்தது, சத்தம் வந்தது, தானாக மட்டும் மாறவே இல்லை. ரெண்டு நாள் செட்டிங்ஸையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் செட் டாப் பாக்ஸ் கேபிளைப் பிடுங்கி மாற்றிப் போட்டதும் உடனே மாறியது. அந்த மலிவுக் கேபிளில் 13-வது பின்னுக்குக் கம்பியே இல்லை போலிருக்கிறது. நடுவில் ஸ்பிளிட்டரோ ஸ்விட்ச் பெட்டியோ வைத்திருந்தால் அதையும் ஒருமுறை கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது கரண்ட். போய் வரும்போது எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழுந்து விலாசம் கேட்கிறது, சிலசமயம் குழம்பிவிடுகிறது. ரிமோட்டில் ஆஃப் செய்து பயனில்லை. பிளக்கையே பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு, முதலில் டிவி, அப்புறம் ரிசீவர், கடைசியில் கன்சோல்.

ரிசீவர் பழசு, ஆனால் 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்) வேண்டும் என்றால் கன்சோலை நேராக டிவியின் எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டில் மாட்டிவிடுங்கள், எச்டிஎம்ஐ 2.0 ரிசீவரின் நொடிக்கு 18 ஜிகாபிட்டுக்குள் அது அடங்காது. சத்தம் ஏஆர்சி வழியே வரும். இஏஆர்சி இல்லாத பழைய ஏஆர்சியில் பிசிஎம் (சுருக்காத சத்தம்) ஸ்டீரியோவாகத்தான் போகும், அதனால் கன்சோலின் ஆடியோவை டால்பிக்கு மாற்றினால்தான் 5.1 (ஆறு சேனல்) சத்தம் கிடைக்கும்.

(திரையில்: ரிசீவர் ரிமோட், பெரிதாக)

ஒரு சிக்கல் மிச்சம். எங்கள் செட் டாப் பாக்ஸுக்கு சிஇசி பேசத் தெரியாது, அதனால் கேம் முடிந்ததும் அது தானாக வராது. ரிசீவர் ரிமோட்டில் அதற்கான பட்டன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். அம்மா இப்போது அந்தப் பொட்டை மட்டும்தான் அமுக்குகிறார்.