பூவைக் குத்துமுன் பொருளைப் பார்!

நடுவர் அவர்களுக்கும் தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வொர்த் பெருமக்களுக்கும் வணக்கம். பூ டாட்டூவில் முதலில் பார்க்க வேண்டியது அழகா, பொருளா என்பது கேள்வி. பொருளே என்பது எங்கள் அணி. நேரே தாமரைக்கு வருகிறேன்.

நம்மூர்ப் பிள்ளை ஒருத்தி, லட்சுமியின் பூ வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கையில் தாமரை குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன பூடி இது?"

"தாமரை ஆயா."

"நடுவுல விதை இருக்கிற பொகுட்டு எங்க?"

பதில் இல்லை.

"இலையில வெட்டு இருக்கே?"

அதற்கும் பதில் இல்லை.

"தாமரை இலை முழு வட்டம்டி, காம்பு நடுவுல நிக்கும். நீ குத்திக்கிட்டு வந்திருக்கிறது அல்லி!"

பொறுங்கள், கதை முடியவில்லை! அடுத்த நாளே குத்தியவரிடம் ஓடினாள். "அழகாத்தானே இருக்கு?" என்றார் அவர். அழகாகத்தான் இருந்தது! எதிரணி கேட்கும் அழகு அத்தனையும் அந்தக் கையில் இருந்தது, அவள் கேட்ட பூ மட்டும் இல்லை. புண் ஆறிய பிறகு இலைவெட்டை நிழல் போட்டு அடைத்தார்கள். பொகுட்டு? இதழ்கள் நடுவை அடைத்துக்கொண்டதால் அதற்கு இடமே இல்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் ஆயா கேட்டுக்கொண்டே இருக்கிறார்: "பொகுட்டு எங்கடி?"

எதிரணித் தம்பி சற்று முன் சொன்னார்: "பொருள் பார்த்துச் செங்காந்தள் குத்துங்கள், ஊரார் நண்டு என்பார்கள்." நீங்களும் சிரித்தீர்கள். தம்பி, காந்தளை உற்றுப் பார்த்தவர் வரைந்தால் நண்டு வராது! ஆறு இதழ்கள், ஓரம் நெளிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆறு மகரந்தத்தாள்கள் பக்கவாட்டில் விரியும். சூல்தண்டு அடியிலேயே மடங்கி ஒருபுறமாக நீளும். இலைநுனி கம்பியாகச் சுருளும். தாள்களைத் தடித்த கோடாக இழுத்து, இலையை விட்டுவிட்டால் நண்டுதான் வரும். மெல்லிய கோடு போட்டு, ஒரு சுருள் இலையைச் சேர்க்கச் சொல்லுங்கள், நண்டு ஓடிவிடும்.

நாலு சென்டிமீட்டரில் கேட்காதீர்கள். மை வருடக்கணக்கில் தோலுக்குள் பரவும், நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். முன்கையில் பத்து சென்டிமீட்டராவது கொடுங்கள். மை தங்குவது மேல்தோலுக்குக் கீழே. நம் தோலின் நிறம் அதன்மேல் படிவதால் மஞ்சள் மங்கிப்போகும். கருப்புக் கோடும் அடர்சிவப்பும் போட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் தோலை வெறுமையாக விடுங்கள். ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையில்தான், ஒரு புள்ளி குத்திச் சில வாரம் பொறுத்துப் பாருங்கள். குத்துமுன் தோலில் ஒட்டும் பூவின் அச்சை, நின்று கையைத் தொங்கவிட்டபடி ஒட்டச் சொல்லுங்கள். கையை மடக்கி வைத்து ஒட்டினால், நீட்டும்போது பூ திருகிக்கொள்ளும். டர்பன் கடலில் இறங்க இரண்டு மூன்று வாரமாவது ஆகட்டும்.

அந்தக் காந்தளைச் சங்கத்தமிழ் முருகன் தலையில் சூட்டிப் பாடியது. ஈழத்தமிழருக்கு அது கார்த்திகைப்பூ, மாவீரர் நினைவு. அதையும் தெரிந்துதான் குத்த வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மண்ணிலும் அது தானாக முளைக்கிறது, யாரும் கப்பலில் கொண்டுவந்ததில்லை.

கப்பலில் வந்தவர்கள் நம்மவர்கள். 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். பட்டியலில் ஆளுக்கு ஓர் எண் போட்டார்கள், பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள், உடல் அடையாளம் என்று ஒரு பத்தி வைத்து மச்சத்தையும் தழும்பையும் குறித்தார்கள். அன்று எங்கள் பாட்டியின் தோலை அந்நியன் பார்த்து எழுதிக்கொண்டான், ஐயா! இன்று அவள் கொள்ளுப்பேத்தி தன் அடையாளத்தைத் தானே தேர்கிறாள். காவடியைத் தாங்கும் கையில் முருகன் பூவைக் கேட்கிறாள். அவளிடம் போய் "கோடு அழகா இருந்தா போதும்மா" என்று சொல்ல எதிரணிக்கு எப்படி மனம் வந்தது? நடுவர் அவர்களே, தீர்ப்பை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.