கெலாப்பாவும் கெப்பாலாவும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, இடைநிலைப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், நெடுநாளாக வியந்து கவனித்துவரும் ஒரு பெண்மணியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ரேணு கட்டோர். 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகவும், அதையும் சேர்த்து அப்போது நான்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய அமைப்புக்கு வேந்தராகவும் பொறுப்பேற்றவர்.

வேந்தர் என்றதும் நேயர்களுக்கு அரச குடும்பத்தவர் பட்டமளிப்பு விழாவில் சுருள் வழங்கும் காட்சி நினைவுக்கு வரக்கூடும். டெக்சாஸ் மாநிலத்தில் அப்படியன்று. வரவு செலவு முதல் கட்டடம் வரை எல்லாவற்றுக்கும் ஆட்சிக் குழுவிடம் பதில் சொல்ல வேண்டியவர் அங்கே வேந்தர்தான். நம் நாட்டில் துணைவேந்தர் சுமக்கும் சுமையை அங்கே அவர் சுமக்கிறார். அந்தச் சுமையை நம் நாட்டில் முதன்முதலாக ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தது மலாயாப் பல்கலைக்கழகம். 2006இல் ரஃபியா சாலிம் அங்கே துணைவேந்தரானார்.

ரேணு 1955இல் உத்தரப் பிரதேசத்தின் ஃபருக்காபாத்தில் பிறந்து, இந்தி வழியில் படித்தவர். பதினெட்டு வயதில், பெற்றோர் பார்த்து முடித்த திருமணத்தோடு, பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த கணவருடன் 1974இல் அமெரிக்கா சென்றார். அங்கே முதுகலையில் அரசியல் அறிவியல் படிக்கப் புறப்பட்டவருக்கு ஆங்கிலம் சரளமாக வரவில்லை. தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பான பழைய நகைச்சுவைத் தொடர்களை விடாமல் பார்த்துப் பார்த்தே தம் செவியைப் பழக்கிக்கொண்டார்.

செவி என்று சொன்னதும் என் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, மலாய் வழிப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் புகுமுக வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில், தலைவலி தாங்காமல் எழுந்து, "சிக்கு, கெலாப்பா சாயா சாக்கிட்" என்றேன். மலாயில் கெப்பாலா என்றால் தலை, கெலாப்பா என்றால் தேங்காய். என் தேங்காய் வலிக்கிறது என்று ஆசிரியரிடம் முறையிட்டிருக்கிறேன்! வகுப்பே அதிர்ந்தது, அந்த ஆண்டு முழுவதும் எனக்குப் பெயர் 'கெலாப்பா'. ஆசிரியரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலையாள்களைப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். நான் அடுப்படியில் உட்கார்ந்து, விறகைத் தள்ளிக்கொண்டே, வானொலியில் மலாய்ச் செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் அதே வாக்கியத்தை அவர் குரலிலேயே சொல்லிப் பார்ப்பேன். பொருள் பாதி புரியாது. ஓசை மட்டும் நாவில் படியும். ஒருநாள் மத்தியானம் ரப்பர்ப் பால் வாளியோடு திரும்பிய அம்மா, வாசலில் நின்று, "உள்ளே யாரோ மலாய்க்காரங்க வந்திருக்காங்க போல" என்று பக்கத்து லயத்து அக்காளிடம் தணிந்த குரலில் சொன்னார். பிற்காலத்தில் நான் வாங்கிய எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகவில்லை. ஆகவேதான், இலக்கணம் பின்னால் வரட்டும், முதலில் காது பழகட்டும் என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்லிவந்தேன். என் மாணவர்களுக்கு அது சலித்தே போயிருக்கும்.

ரேணுவுக்கும் முதலில் பழகியது காதுதான். 1975இல் முதுகலையையும் 1985இல் முனைவர் பட்டத்தையும் பர்டூவில் பெற்று, பின்னர் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் படிப்படியாக உயர்ந்து, அங்கே கல்விப் பணிகள் அனைத்துக்குமான தலைமைப் பொறுப்பை வகித்தபோதுதான் ஹூஸ்டன் அழைத்தது. 1927இல் ஓர் உயர்நிலைப்பள்ளிக் கட்டடத்தில், வேலைக்குப் போவோருக்கான மாலை வகுப்புகளாகத் தொடங்கிய கல்லூரி, 1963இல் மாநிலப் பல்கலைக்கழகமாகியிருந்தது. வேலையும் படிப்புமாக வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்களே மிகுதியாக இருந்ததால், வெளியார் அதைச் சற்று இளக்காரமாகவே பார்த்தார்கள். தோட்டத்திலிருந்து பேருந்து பிடித்துப் படிக்கப் போனவர்களுக்கு அந்தப் பார்வையை நான் விளக்க வேண்டியதில்லை.

பொறுப்பேற்ற அதே ஆண்டு செப்டம்பரில் ஐக் சூறாவளி அந்நகரைத் தாக்கியது. அதையும் கடந்து, 2011இல் அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வகை பிரிக்கும் கார்னகி நிறுவனத்தின் பட்டியலில் மிக உயர்ந்த ஆய்வு நிலைக்கு வந்து சேர்ந்தது. டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அதற்குமுன் இரண்டே அந்நிலையில் இருந்தன.

நான்கே ஆண்டுகளில் பட்டம் முடிக்க மாணவர்களுக்கு வழிவகுக்கும் திட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். தேங்காய் அந்த நேரத்தையும் தின்றுவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன். 2020இல் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவர் கிட்டாத பகுதிகளுக்குக் குடும்ப மருத்துவர்களை உருவாக்குவது அதன் நோக்கம். முதல் அணியில் முப்பது பேர் சேர்ந்தார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தந்த நன்கொடையால் அந்த முப்பது பேருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. நேரம் முடிந்துவிட்டது, நேயர்களே. வணக்கம்.