இறக்கத்தில் பிறந்த கம்பனி

வணக்கம் நேயர்களே.

மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிய எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வாடை இருக்கிறது. கினிகத்தேனை இறக்கமாக இருக்கட்டும், றம்பொடை வளைவுகளாக இருக்கட்டும், பண்டாரவளையிலிருந்து வெல்லவாயப் பக்கம் விழுகிற பாதையாக இருக்கட்டும், பாதி வழி வந்ததும் ரப்பரும் தாரும் சேர்ந்து கருகின மாதிரி ஒரு வாடை வரும். யன்னலோரத்து அம்மா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னமோ தீயுது தம்பி" என்பார். "பிரேக் லைனர்தான் அம்மா, பயப்படாதீங்க" என்பார் கொண்டக்டர்.

இன்றைக்கு அந்த லைனரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பிரேக் மிதிக்கும்போது, சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்பு டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டைதான் லைனர். லைனர் செய்வதையே ஒரு தனித் தொழிலாக வளர்த்தெடுத்த ஃபெரோடோ என்ற கம்பனியின் வரலாறு இது. கம்பனி இங்கிலாந்தில் இருந்தது. ஆனால் அதைப் பெற்றெடுத்தது ஓர் இறக்கம். அதனால்தான் மலையில் இருக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

கேட்கும்போது இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு எங்கே போகிறது? தூசு எங்கே போகிறது? கம்பனியின் நூற்றுச் சொச்ச வருடக் கதையும் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு மலைப்பிரதேசம் இருக்கிறது. மலை என்றதும் நம்முடைய மலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஆக உயர்ந்த மேடு 636 மீற்றர். நம்முடைய ஹட்டன் பஸ் நிலையம் அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் இறக்கம் இறக்கம்தான். கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிய குதிரை வண்டிகள் அந்தச் சரிவுகளில் இறங்க வேண்டும். பாரம் பின்னாலிருந்து தள்ளும், குதிரையால் தாங்க முடியாது. ஆகவே சக்கரத்தின் இரும்புப் பட்டையில் ஒரு மரக்கட்டையை அழுத்திப் பிடிப்பார்கள். மரம் இரும்பில் உரசினால் வழுக்கும். இன்னும் அழுத்தினால் புகையும். மழை நாளில் பிடிக்கவே பிடிக்காது.

வண்டிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பிய்ந்துபோன பழைய சப்பாத்தை எடுத்துக் கட்டையின் முகத்தில் மாட்டிவிடுவார்கள். தோல் மரத்தைவிட நன்றாகக் கவ்வும். ஆனால் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் இன்னொரு பழைய சப்பாத்து. கண்டிக்கும் கொழும்புக்கும் நடுவே 1867இல் ரயில் வருவதற்கு முன்னால், கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கோப்பி மூட்டை ஏற்றி இறங்கிய மாட்டு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். இதே சிக்கல்தான், இதே இறக்கம்தான்.

சப்பாத்து மாட்டிய அந்தக் கட்டைகளைக் கவனித்துப் பார்த்தவர் ஹேர்பேர்ட் ஃப்ரூட். 1864இல் பிறந்தவர். இதை எத்தனையோ பேர் தினமும் பார்த்தார்கள். அவர் மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்டார் என்று நினைக்கிறேன். சப்பாத்துத் தோல் ஏன் பிடிக்கிறது? பிடிக்கிற தோல் ஏன் நிலைக்கவில்லை? பிடிப்பு வேறு, நிலைப்பு வேறு. இரண்டும் ஒரே பொருளில் இருந்தால்தான் அது பிரேக். கூம்ஸ் என்ற கிராமத்தில் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பரிசோதனைகளைத் தொடங்கினார். பருத்தித் துணியில் தார் போன்ற பிட்டுமனை ஊறவைத்து இறுக்கிச் செய்த கட்டை முதலில் வந்தது. 1897இல் தொழில் ஆரம்பம். 1902இல் பக்கத்து ஊரான சப்பல்-என்-லி-ஃப்ரித்துக்கு இடம்மாற்றம். அவருடைய பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம்மாற்றி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்தால் வருகிற சொல்தான் ஃபெரோடோ.

நம்முடைய கராஜ்களில் பிரேக் சூ என்கிறோமே, சூ என்றால் சப்பாத்துத்தானே, பெயர் இதிலிருந்து வந்ததா என்று கேட்கத் தோன்றும். இல்லை, அந்தப் பெயர் ரயில் வண்டிக் காலத்திலேயே இருந்தது. ஆனால் இரும்புச் சூவின் முகத்தில் பிடிக்கிற பொருளை ஒட்டவோ அறையவோ வேண்டும் என்பது அப்படியே அந்த வண்டிக்காரர்களின் யோசனைதான்.

இப்போது முதல் கேள்வி. சூடு எங்கே போகிறது?

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்கிறோம். உண்மையில் அது செய்வது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளையைத் தொடுவதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே வந்துவிடுகிறோம். ஆட்களோடு பத்துத் தொன் நிறையுள்ள ஒரு பஸ் 1000 மீற்றர் இறங்கினால் வெளிவருகிற சக்தி, ஏறக்குறைய 290 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பெரிய பீப்பாய் ஒன்று 200 லீற்றர். ஒன்றரைப் பீப்பாய் தண்ணீர்! தேநீர்க் கடைக்காரர் அதைக் கொதிக்கவைக்க எவ்வளவு விறகு எரிக்க வேண்டும்? அவ்வளவு சூடும் எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சத்தைக் காற்று எடுக்கும். சின்னக் கியரில் வந்தால் பெரும்பகுதியை என்ஜின் எடுத்துக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் லைனருக்கும் டிரம்முக்கும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் என்ஜினின் பங்கையும் லைனரே சுமக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடுகிறவர்கள் உண்மையில் லைனரை எரிக்கிறார்கள்.

ஃப்ரூட்டின் பருத்திக் கட்டை 150 பாகை செல்சியஸ் வரை தாங்கும். குதிரை வண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டி வந்ததும் போதவில்லை. 1908இல் அவர் அஸ்பெஸ்டஸ் நாரைப் பித்தளைக் கம்பியோடு சேர்த்து நெய்தார். அஸ்பெஸ்டஸ் எரியாது, நூலாக நூற்கலாம், விலையும் மலிவு. நாம் கூரைக்குப் போடும் சீற்றில் இருக்கிற அதே அஸ்பெஸ்டஸ்தான். 1920களில் நெசவை விட்டு, நாரையும் பித்தளைத் துகளையும் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தும் முறை வந்தது. இன்றைய லைனரின் உடம்பு ஏறத்தாழ அதுதான்.

கருகல் வாடைக்கு மறுபடி வருகிறேன். அது அந்தப் பிசின் வேகும் வாடை. 300 பாகையைத் தாண்டும்போது பிசின் சிதைந்து வாயு கக்கும், பிடிப்பு குறையும். அதே நேரம் டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். ஆகவே வாடை வந்தால் அது பிரேக்கின் எச்சரிக்கை. பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் போகக் கூடாது.

வான், கார், முச்சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு வித்தியாசத்தையும் காலால் உணரப் பழகுங்கள். பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் லைனர் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி கட்டிவிட்டது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தரத்தில் வரும் புதிய ஒயில் குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிப் பழசானால் அந்த அளவு 140க்கு இறங்கலாம். டொட் 4 என்றால் 230, பழசானால் 155. நம்முடைய மலை, மழையும் பனிமூட்டமும் நிறைந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றிவிடுங்கள், மேலே ஊற்றி நிரப்பினால் போதாது.

இறங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், இறக்கம் தொடங்கும் முன்பே அதற்கு வந்துவிட வேண்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். வேகம் 40ஐத் தொட்டால் அழுத்தமாகப் பிடித்து 30க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி 40, மறுபடி பிடி. விட்ட நேரத்தில்தான் டிரம் மூச்சுவிடும். காற்றுப் பிரேக் உள்ள வண்டியில் தொட்டுத் தொட்டு மிதித்தால் டாங்கிக் காற்று தீர்ந்துவிடும், அதையும் மறக்காதீர்கள். வாடை வந்துவிட்டால் இடம் பார்த்து நிறுத்தி, கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வைத்து, ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த இரும்பு டிரம் வெடித்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தூசு எங்கே போகிறது?

புது லைனர் போட்டோம், ஒரு வருடத்தில் பாதியாகிவிட்டது. அந்தப் பாதி எங்கே? கொஞ்சம் டிரம்முக்குள், கொஞ்சம் வீதியில், கொஞ்சம் கராஜ் வேலையாளின் நெஞ்சில்.

1920களின் நடுவில் ஃபெரோடோவை டேர்னர் அன்ட் நியூவல் என்ற பெரிய அஸ்பெஸ்டஸ் கூட்டு நிறுவனம் வாங்கியது. ஃப்ரூட் 1931இல் இறந்தார். அந்தக் கூட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ரோச்டேல் ஆலையில் அஸ்பெஸ்டஸ் நூல் நூற்றவர் நெல்லி கேர்ஷோ என்ற பெண். 1924இல், 33 வயதில் செத்துப்போனார். டொக்டர் வில்லியம் குக் அவருடைய நுரையீரலைச் சோதித்து, உள்ளே அஸ்பெஸ்டஸ் துகள்கள் இருப்பதைக் கண்டு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அஸ்பெஸ்டஸால் வந்த சாவு என்று மருத்துவ உலகில் பதிவான முதற் சாவுகளில் ஒன்று அது. நிர்வாகம் நட்டஈடு கொடுக்கவில்லை. பெயர்க் கல்லும் இல்லாத குழியில் புதைத்தார்கள். இதைக் கேட்கும்போது தேயிலைத் தூள் பறக்கும் ஆலைக்குள் நின்று வேலை செய்த நம்முடைய பெண்களின் இருமல் என் காதில் கேட்கிறது. பொருள் வேறு, கணக்கு ஒன்று. சூடு தாங்கும் பொருளின் விலையை யாரோ ஒரு தொழிலாளி தன் மூச்சால் கட்டுகிறார்.

பிரித்தானியாவில் 1931இல் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அப்படியிருந்தும் லைனரில் அஸ்பெஸ்டஸ் இன்னும் ஐம்பது வருடம் இருந்தது. அஸ்பெஸ்டஸ் இல்லாத பிரேக் பேட் ஒன்றை ஃபெரோடோ வெளியிட்டது 1980இல். அங்கே வெள்ளை அஸ்பெஸ்டஸ் முழுதாகத் தடையானது 1999இல்.

கடன் யாரை விட்டது? தாய் நிறுவனமான டேர்னர் அன்ட் நியூவலை 1998இல் அமெரிக்காவின் ஃபெடரல்-மோகல் வாங்கியது. அது 1899இல் டெட்ரொயிட்டில் தொடங்கிய பழம்பெரும் உதிரிப்பாகக் கம்பனி. தொழிற்சாலைகளோடு அஸ்பெஸ்டஸ் நோயாளிகளின் வழக்குகளும் சேர்ந்து வந்தன. மூன்றே வருடம், 2001 ஒக்டோபரில் ஃபெடரல்-மோகல் கடன் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. வெளியே வர 2007 டிசம்பர் ஆனது. 2018இல் டெனெக்கோ அதை 540 கோடி டொலருக்கு வாங்கியது. 2022இல் டெனெக்கோவையே அப்பலோ என்ற முதலீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. கொட்டகையில் தொடங்கிய பெயர் இன்றும் பெட்டியில் அச்சாகிறது.

நேரம் ஓடிவிட்டது. சென்னை பாடியில் 1962இல் வந்த பிரேக்ஸ் இந்தியா, 1974இல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். லேலண்ட், டாட்டா வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தப் பெயர்கள் பழக்கம்தான். தூசில் இருக்கும் செம்பு ஓடைக்குப் போய் மீனைக் கொல்கிறது என்று கலிபோர்னியா 2025 முதல் லைனரில் செம்பை 0.5 வீதத்துக்குள் அடக்கியிருப்பதையும் தொட்டுவிட்டு மட்டும் போகிறேன்.

ஆனால் கராஜ் விஷயம் இரண்டைச் சொல்லாமல் போக முடியாது. லைனரின் ஓரத்தில் எழுத்து வரிசை ஒன்று அச்சாகியிருக்கும். கடைசியில் வருகிற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து ஆறியிருக்கும்போது உள்ள பிடிப்பு, இரண்டாவது சூட்டில் உள்ள பிடிப்பு. ஈ என்றால் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பின் அளவு, 0.25க்கும் 0.35க்கும் இடையில், எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. எஃப் எஃப் என்றிருந்தால் சூட்டிலும் கைவிடாது. எஃப்புக்குப் பிறகு ஈயைவிடக் குறைந்த பிடிப்புள்ள டி வந்து, எஃப் டி என்றிருந்தால் நகரத்தில் நன்றாகப் பிடிக்கும், றம்பொடையில் தளரும். எழுத்தே இல்லாத லைனரை மலை வண்டிக்குப் போடாதீர்கள். ரிவெட் அடிப்பதென்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடியுங்கள், இல்லாவிட்டால் சூவுக்கும் லைனருக்கும் நடுவே இடைவெளி நின்று வெடிப்பு வரும். ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீற்றர் மிஞ்சும்போதே மாற்றுங்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மற்றது, டிரம்மைக் கழற்றியதும் கம்பிரசர் காற்றால் தூசை ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய வண்டியில், பெயர் தெரியாத லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் காயவிடாமல் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். வேலை பழகும் சின்னப் பையன்களிடம் துடைக்கச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கையைக் காட்டுகிறார்கள். நன்றி நேயர்களே, வணக்கம்.