கல்லுக்குக் காசா? | கிணற்றடிப் பாறையில் பூக்கன்று

வணக்கம் உறவுகளே! இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் கமராவைப் போட்டிருக்கிறேன். நேற்று ரவுனுக்குப் போன இடத்தில் ஒரு கடையில் வெள்ளைக் கூழாங்கல் பை பார்த்தேன். ஐந்து கிலோ, 1,450 ரூபா. கல்லுக்கு! எங்கள் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பக்கம் இரண்டு சாண் தோண்டினாலே அலவாங்கு ‘ணங்’ என்று கல்லில் இடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நிற்கும்வரை வெட்டிய கல்லும் இதே சுண்ணக்கல்தான். “தம்பி, இது எங்கத்தைக் கல்?” என்று கேட்டேன். “இறக்குமதி, அன்ரி” என்றான். அதுவும் பெருமையாக!

அதைவிட எரிச்சல், முற்றம் முழுக்கக் கறுப்புப் பொலித்தீனை விரித்து, அதற்கு மேல் இந்தக் கல்லைக் கொட்டுகிற பாஷன். பெய்கிற மழை எங்கே போகும்? வழுக்கியாறு ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில்தான் ஓடும். கிணற்றில் நாங்கள் அள்ளுவது எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக் கல்லிடுக்கில் தேங்கிய மழைத்தண்ணீர்தான். அதை மூடிக் கட்டிவிட்டு, கோடையில் கிணறு வற்றிப்போச்சு என்று அழுவது.

சரி, பாறைக்கு வருவோம். நான் பாய் காயப்போடுகிற அந்தக் கிணற்றடிப் பாறைதான், பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இப்போது பாருங்கள், எவ்வளவு வடிவு! உடைக்கவே இல்லை. சுண்ணக்கல் மழையில் மெல்ல மெல்லக் கரைகிற கல், அதனால் மேலெல்லாம் பொந்து. ஓர் ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் குறையாமல் இறங்கிய பொந்துகளில் மட்டும் செம்மண், மக்கிய மாட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள் போட்டு நிரப்பினேன்.

பத்துமணிப்பூவுக்கு வேர்கூடத் தேவையில்லை, தண்டை முறித்துச் செருகினால் போதும். இந்த வெடிப்பைக் கிட்டப் பாருங்கள். என் சுண்டுவிரல்கூட நுழையாது. இதற்குள் நான் ஒன்றும் வைக்கவில்லை. தானாக விழுந்த விதை முளைத்து, இதோ, கடும் ரோஸில் பூத்து நிற்கிறது! காலையிலிருந்து வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். ஒருவரும் இரண்டாம் தரம் வரவில்லை.

பொறுங்கோ, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மண் போட முதல் பொந்துக்குள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இறங்காமல் நின்றால் அந்தப் பொந்து வேண்டாம். வேரும் அழுகும், நுளம்பும் பெருகும்.

பட்டிப்பூவும், அதுதான் நித்தியகல்யாணி, நன்றாக வரும். ஆடு வாய் வைக்காது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் முழுச் செடியும் நஞ்சு. புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் மருந்தை எடுப்பதும் இதிலிருந்துதான். அதற்காக வீட்டில் யாரும் அவித்துக் குடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளும் கவனம்.

எக்ஸோரா வைக்கலாமா என்று கொமன்டில் கேட்கிறீர்கள். பாறையில் வேண்டவே வேண்டாம். சுண்ணக்கல் மண்ணில் காரம் கூட. இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் அந்தக் கன்றால் எடுக்க முடியாது. குருத்திலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆசை விடாவிட்டால் சாடியில் வைத்து, பிடித்து வைத்த மழைத்தண்ணீரை ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரும் அதே கல்லுக்குள்ளால் வருவதுதானே. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தால் தெரியும்.

இப்போது சோழகக் காற்று அடிக்கிறது, பொந்து மண் சுறுக்கென்று காய்ந்துவிடும். நான் விடியவே தண்ணீர் விட்டுவிடுவேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஐப்பசி மழை வரும்வரை பொறுத்தால் பாதி வேலை மிச்சம்.

மஞ்சள் பத்துமணிப்பூ யாரிடமாவது இருந்தால் ஒரு தண்டு தாருங்கள், நான் ரோஸ் தருகிறேன். சுன்னாகம், மல்லாகம் பக்கம் என்றால் நானே வந்து எடுப்பேன்.