மவுண்ட் அபுவிலிருந்து ஸ்டேஷன் மேஜை வரை

(மும்பை செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் தமிழ் நண்பர்கள் கூடிய இடத்தில் பேசியது. பேச்சை அதிகம் திருத்தவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம். போலீஸ் அகாடமியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வாசலிலேயே ஒருவர், "உனக்கும் போலீஸுக்கும் என்னய்யா சம்பந்தம்" என்று மடக்கினார். கொஞ்சம் இருக்கிறது. சட்டம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவன் நான், அதில் சில வருடம் ஒரு கான்ஸ்டபிள் பயிற்சிப் பள்ளிக்கும் போய் வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் போலீஸ் அதிகாரிகளுக்கு என்று நாடு முழுவதற்கும் ஒரே கல்லூரி கிடையாது. சென்னை மாகாணத்துக்கு வேலூர், பஞ்சாபுக்கு ஃபில்லூர், ஐக்கிய மாகாணத்துக்கு மொராதாபாத், நம்ம பம்பாய்க்கு நாசிக். இதில் வேலூரும் ஃபில்லூரும் கோட்டைக்குள்ளேயே இருந்தவை. ஊர் ஜனங்களோடு பழக வேண்டிய உத்தியோகத்துக்கு, அகழிக்கு உள்ளே உட்கார வைத்துப் பாடம்! 1857 கலகம் கொடுத்த பயத்தில் பிறந்தது 1861 போலீஸ் சட்டம், அதனால் இது ஆச்சரியமில்லை. போலீஸை ஆராய 1902-இல் போட்ட பிரேசர் கமிஷனே, இந்தப் போலீஸில் ஊழலும் கொடுமையும் மிகுந்திருக்கின்றன, ஆட்களுக்குப் பயிற்சி போதாது என்று எழுதிவிட்டுப் போனது.

1946 அக்டோபரில் மாகாணப் பிரதமர்கள் (இப்போது முதலமைச்சர் என்கிறோமே, அவர்கள்) மாநாட்டைக் கூட்டி, ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். இரண்டும் வேண்டும் என்று சர்தார் படேல் சம்மதம் வாங்கினார். அதன் தொடர்ச்சியாக 1948 செப்டம்பர் 15 அன்று ராஜஸ்தான் மலையில், மவுண்ட் அபுவில், மத்திய போலீஸ் பயிற்சிக் கல்லூரி ஆரம்பமானது. தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். 13-ஆம் தேதிதான் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைகிறது, 17-ஆம் தேதி நிஜாம் பணிகிறார், அந்த ராணுவ நடவடிக்கைக்கு அரசாங்கம் வைத்த பெயர் "போலீஸ் நடவடிக்கை". டாங்கி ஓட்டிப் போனதைப் போலீஸ் வேலை என்று சொன்ன அதே வாரத்தில்தான் நிஜமான போலீஸ் வேலைக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரி 1975-இல் போய்ச் சேர்ந்ததும் அதே ஹைதராபாத்துக்குத்தான்! நடுவில் 1967-இல் தேசிய போலீஸ் அகாடமி ஆனது, 1974-இல் படேல் பெயர் வைத்தார்கள். 1972-இல் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி சேர்ந்தது மவுண்ட் அபு காலத்தில், அந்த பேட்ச்சில் ஒரே பெண். மலையில் காலி செய்த இடம் இப்போது சி.ஆர்.பி.எஃப். கையில்.

பெயர் மாறிய கதை, இடம் மாறிய கதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் செம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1971-இல் போலீஸ் பயிற்சியை ஆராய மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டபோது அதற்குத் தலைவராக்கியது ஒரு பெரிய போலீஸ் அதிகாரியை அல்ல, தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் எம்.எஸ். கோரே அவர்களை. நாம் ஆட்டோவில் தாண்டிப் போகிற அதே கேட்! அந்தக் கமிட்டி 1973-இல் கொடுத்த அறிக்கை, பரேடும் சட்டப் பிரிவும் மட்டும் போதாது, ஆளுடைய மனப்போக்கு மாற வேண்டும், சமூகத்தைப் படிக்க வேண்டும், அதிகாரிக்கு மட்டுமில்லை கான்ஸ்டபிளுக்கும்தான் என்றது. அதிகாரிகளுக்கு, ஹைதராபாத் அகாடமியில், ஓரளவு நடந்தது. கான்ஸ்டபிள் வரை எவ்வளவு இறங்கியது என்பதுதான் என் சந்தேகம். நாம் ஸ்டேஷனுக்குப் போனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஐ.பி.எஸ். இல்லையே, ஹவால்தார்தானே?

எங்கள் கட்டடத்தில் ஓர் அக்கா. ரிக்‌ஷாவில் போகும்போது பைக்கில் வந்தவன் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ஸ்டேஷனில் (எது என்று வேண்டாம்) இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுக் கொடுத்த காகிதத்தில் "மொபைல் தொலைந்தது" என்று இருந்தது. பிடுங்கினான் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும், தொலைந்தது என்றால் ஒரு முத்திரையோடு வேலை முடிந்தது. 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் புதுச் சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதாவில், பறிப்புக்கென்று தனிப் பிரிவே, 304, இருக்கிறது.

அக்காவுக்கு நடந்தது அதற்கு ரொம்ப முன்னால். அந்தக் கதையைப் பெயரில்லாமல் வகுப்பில் சொல்லி, புகாரை எழுதுங்கள் என்றேன். எதிரே எண்பது பையன்கள். காலை ஐந்து மணியிலிருந்து மைதானத்தில் நின்ற பிள்ளைகள், வயிறு நிறையச் சாப்பாடு, மேலே மெதுவாகச் சுற்றும் ஃபேன். முன் வரிசையில் ஒருவன் கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான், அது ஒரு கலை, பேனா மட்டும் தாளில் ஒரே இடத்தில் நின்று மை ஊறி வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. எழுதியவர்களில் பாதிப் பேர் "தொலைந்தது" என்றே எழுதியிருந்தார்கள். ஏண்டா என்று கேட்டேன். "சீனியர் அப்படித்தான் எழுதுவார் சார்" என்றான் ஒருவன், இன்னும் ஸ்டேஷன் வாசலையே மிதிக்காதவன்.

என் வகுப்பு எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒரே ஒரு நாளாவது காலையில் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன்.

"காலையில பரேடு இருக்கே சார்" என்றார்கள்.