காற்றுக்குப் போட்ட கணக்கு

(பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் மாணவர்கள் முன்வரிசையை நிரப்பியிருக்கிறீர்கள், அதனால் முன்னுரை வேண்டாம், நேரே எஞ்சினுக்கு வந்துவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஓபன் வீல் பந்தயத்துக்கு, அதாவது சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயத்துக்கு, தலைநகர் இண்டியானாபொலிஸ். இரண்டரை மைல் ஓவல் தடம். அங்கே 1911-ல் நடந்த முதல் 500 மைல் போட்டியை ரே ஹாரூன் மணிக்கு 74 மைல் சராசரியில் ஜெயித்தார். 1996 தகுதிச் சுற்றில் ஆரி லயண்டைக்கின் நான்கு சுற்றுச் சராசரி 236.986 மைல், ஏறக்குறைய 381 கிலோமீட்டர். இந்த வேகம் எப்படி வந்தது என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைப் பிடித்து நிறுத்த விதி எழுதினார்களே, அவர்கள் பட்ட பாட்டைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுதான் திறன். அதனால் விதி எழுதுகிறவர்கள் கை வைப்பது பெரும்பாலும் காற்றில்தான்.

1967-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டி கிரானடெல்லி என்பவர் ஒரு டர்பைன் காரைக் கொண்டுவந்து இறக்கினார். ஹெலிகாப்டர், விமானம் பக்கம் இருக்க வேண்டிய எஞ்சின் அது. ஓட்டுநருக்கு இடப்பக்கம் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் விசை. மற்ற கார்கள் காதைக் கிழிக்க, இது 'உஷ்' என்று போகும். பார்னெல்லி ஜோன்ஸ் 200 சுற்றில் 171 சுற்று முன்னணியில் ஓடினார். வெற்றிக்கு மூன்றே சுற்று பாக்கி இருக்கும்போது கியர் பெட்டிக்குள் ஒரு பேரிங் போய்விட்டது. ஏ. ஜே. ஃபோய்ட் ஜெயித்தார்.

போட்டியை நடத்திய அமைப்பு யூசாக். தோற்ற கார் என்று அது சும்மா இருக்கவில்லை. டர்பைனின் காற்று வாயை 23.999 சதுர அங்குலத்திலிருந்து 15.999-ஆகச் சுருக்கியது. அந்தக் கடைசி .999-ஐக் கவனியுங்கள், அது கடைக்காரர் போடும் விலை மாதிரி இல்லையா! அப்படிச் சுருக்கியும் 1968-ல் டர்பைன் லோட்டஸில் ஜோ லியோனார்ட் முதலிடத்தில் தகுதி பெற்றார், முன்னணியில் ஓடி, ஒன்பது சுற்று இருக்கும்போது நின்றார். அடுத்து வாய் இன்னும் சுருங்கியது, டர்பைன் ஒழிந்தது. 68-ல் ஜெயித்தது பாபி அன்சரின் டர்போ கார், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி வைத்தது. அங்கே டர்போ எஞ்சின் பெற்ற முதல் வெற்றி அது. ஒரு வாசலை அடைத்தார்கள், பக்கத்து வாசல் திறந்தே இருந்தது.

டர்போவோடு, காரைத் தரையோடு அழுத்தும் பெரிய விங்கும் சேர்ந்தது. 1971-ல் 178 மைலாக இருந்த தகுதி வேகம் ஒரே ஆண்டில் 195-ஐத் தாண்டியது. 1973-ல் ஆர்ட் பொல்லார்ட் பயிற்சியில் இறந்தார். பந்தயத்தில் தீக்காயம் பட்ட ஸ்வீட் சாவேஜ் பிறகு மருத்துவமனையில் இறந்தார். அதன் பிறகுதான் விங்கை வெட்டினார்கள், எரிபொருளைக் குறைத்தார்கள், 1974-ல் பாப்-ஆஃப் வால்வு வந்தது. வீட்டுக் குக்கர் வெயிட் செய்யும் வேலைதான் அதற்கும். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் திறந்து வெளியே விட்டுவிடும்.

இப்போது 1994-க்கு வருகிறேன். நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

அன்றைய இண்டியானாபொலிஸ் கார் எஞ்சின் 2.65 லிட்டர் டர்போ வி8. அதற்கு அனுமதித்த அழுத்தம் 45 அங்குலப் பாதரசம், வளிமண்டலத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் சாலைக் கார் எஞ்சினை வைத்து ஓட்டும் சிறு அணிகளும் பிழைக்கட்டுமே என்று யூசாக் ஒரு சலுகை வைத்திருந்தது. வால்வை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எஞ்சினின் தலையில் இல்லாமல் கீழே பிளாக்கில் இருந்து, புஷ்ராடு என்ற நீளக் கம்பி வழியாக வால்வைத் திறக்கும் பழைய பாணி எஞ்சினுக்கு 3.43 லிட்டர், 55 அங்குலம். நல்ல எண்ணம்தான். ஆனால் அது சாலைக் கார் எஞ்சினிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 90-களின் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள்.

நோட்டில் பெருக்கிப் பாருங்கள். 2.65-ஐ 45-ஆல் பெருக்கினால் 119. 3.43-ஐ 55-ஆல் பெருக்கினால் 189. ஒரு சுழற்சிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் காற்று! புஷ்ராடு எஞ்சின் வேகமாகச் சுழலாது என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை. நீளமான கம்பி வளையும், வால்வு சொன்ன பேச்சைக் கேட்காது. இங்கிலாந்தின் இல்மோர் நிறுவனத்தின் மாரியோ இல்லியன் கேம்ஷாஃப்டைப் பிளாக்கில் முடிந்தவரை மேலே ஏற்றினார், கம்பி குட்டையாகி விறைப்பானது. சட்டப்படி புஷ்ராடு, நடத்தையில் ரேஸ் எஞ்சின். அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கே பணம் போட்டார், மெர்சிடிஸ் பெயர் கொடுத்தது. பென்சில்வேனியாவின் நாசரத் தடத்தில் குளிர்காலத்தில் பனியை வாரித் தள்ளிவிட்டு ரகசியமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஆயிரம் குதிரைத் திறனுக்கு மேல் வந்தது.

மே 29 அன்று, அந்த எஞ்சினோடு ஓடிய பென்ஸ்கே அணியின் எமர்சன் ஃபிட்டிபால்டி 145 சுற்று முன்னணியில் இருந்தார். இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த தன் அணித் தோழர் அல் அன்சர் ஜூனியரையே ஒரு சுற்று முந்தப் பார்த்து, 185-ஆவது சுற்றில் சுவரில் மோதினார். தேவையில்லாத ஆசை! அன்சர் ஜெயித்தார். கடைசியில் அவரோடு அதே சுற்றில் இருந்தவர் ஜாக் வில்நுவ் ஒருவர்தான்.

இதை ஏமாற்று என்று சொல்வாருண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விதிப் புத்தகத்தை மற்றவர்களும்தான் வைத்திருந்தார்கள். மற்ற போட்டிகளை நடத்திய கார்ட் அமைப்பிடம் இந்தச் சலுகை கிடையாது, ஆகவே ஆண்டில் ஒரு நாள் ஓட்டத்துக்காக ஓர் எஞ்சினை உருவாக்கும் துணிச்சல் மற்றவர்களுக்கு வரவில்லை. யூசாக் அழுத்தத்தை முதலில் 52, பிறகு 48 என்று வெட்டியது. எஞ்சின் காட்சிப் பொருளானது.

1995-ல் அதே பென்ஸ்கே அணி வழக்கமான எஞ்சினோடு வந்தது. காரின் சேசிஸ், அதாவது உடற்சட்டகம், அந்தத் தடத்தில் பிடிபடவே இல்லை. முந்தைய ஆண்டு, ஹோண்டா எஞ்சினோடு திணறிய வேறோர் அணியின் பாபி ராஹாலுக்குப் பென்ஸ்கே கார் கொடுத்து உதவியிருந்தார். இந்த முறை ராஹால் அணி பதிலுக்குக் கார் கொடுத்தது. அப்படியும் அன்சர், ஃபிட்டிபால்டி இருவருமே தகுதி பெறவில்லை. 94-ல் ஆயிரம் குதிரைகள் எதையெல்லாம் மறைத்திருந்தன என்று அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

கடைசியாக ஒன்று. 2001 ஏப்ரல், டெக்சஸ். ஒன்றரை மைல் தடம், வளைவில் 24 டிகிரி சாய்வு. கார்ட் கார்கள் 233 மைலைத் தாண்டிப் போயின. எஞ்சின் தாங்கியது, டயர் தாங்கியது. ஆனால் வளைவுகளில் ஓட்டுநரின் உடல்மேல் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் விசை விழுந்தது, சுற்றின் பெரும்பகுதி வளைவிலேயே போனது. 25 பேரில் 21 பேர் தலைசுற்றல் என்றார்கள். மருத்துவர் ஸ்டீவ் ஓல்வி எச்சரித்தார். அவசரமாகத் திறனைக் குறைத்தால் கார் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிக்க நேரமில்லை. தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கையில் போட்டியை ரத்து செய்தார்கள். அந்த மருத்துவரைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு. தடத்தின் நிர்வாகம் கார்ட் மீது வழக்குப் போட்டது, நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். 2004 தொடக்கத்தில் கார்ட்டின் சொத்துகள் திவால் நீதிமன்றம் வழியாகக் கைமாறின.

கேள்வி இருந்தால் கேளுங்கள். அந்த 119, 189 கணக்கில் சுழற்சி வேகத்தையும் சேர்த்தால் என்ன வரும் என்று யாராவது கேட்டால் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டுகிறேன்.