பலூன் பேய் ஏன் எழுந்திருக்கல? ஹாலோவீன் சயின்ஸ் கிராஃப்ட் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. நியூ ஜெர்சில இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க, படிச்சுடறேன். "பையனுக்கு 7 வயசு, பொண்ணுக்கு 4 வயசு. ஹாலோவீனுக்கு பலூன் பேய் செஞ்சோம், பாட்டில்ல ஒரு ஸ்பூன் பேக்கிங் சோடா, ரெண்டு மூடி வினிகர், வாயில பலூன். நுரை நல்லா வந்துச்சு, ஆனா பலூன் லேசா தலையைத் தூக்கிட்டு அப்படியே படுத்துருச்சு, பையன் அழுதுட்டான். என்ன தப்பு பண்ணோம்? கிச்சன்ல இருக்கறத வச்சே வேற என்ன செய்யலாம், ஸ்லைம், ட்ரை ஐஸ் எல்லாம் ஓகேவா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சிஸ்டர், நீங்க செஞ்ச முறைல தப்பே இல்ல, அளவுதான் பத்தல. அதுவும் சோடா பத்தாம போகல, வினிகர்தான் பத்தல. ஒரு டீஸ்பூன் சோடா முழுசா வேலை செய்யணும்னா கடைல விக்கிற சாதா வெள்ளை வினிகர், அந்த 5 சதவீதம் உள்ளது, கிட்டத்தட்ட 65 மில்லி வேணும். ரெண்டு மூடினா 15 மில்லி இருக்குமா? அப்ப முக்கால்வாசி சோடா அப்படியே அடியில தங்கிடும், பாட்டில கவுத்துப் பாத்தீங்கன்னா வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். ஒரு டீஸ்பூன் சோடா முழுசா கரைஞ்சா ஒண்ணேகால் லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும், உங்களுக்கு கிடைச்சது கால் லிட்டர் சொச்சம்தான். அத வச்சு பலூன் நிமிர்ந்து உக்காரும், உப்பாது.

இப்ப இப்படி பண்ணுங்க. அரை லிட்டர் தண்ணி பாட்டில், அதுல 150 மில்லி வினிகர். வெள்ளை பலூன வாயால ஒரு தடவை நல்லா ஊதி காத்த விட்டுடுங்க, ரப்பர் இளகணும், இத நிறைய பேரு விட்டுடறாங்க, புது பலூன் இறுக்கமா இருக்கும், கேஸுக்கு அத தள்றதே பெரிய வேலை. பாதி ஊதினப்பவே மார்க்கர்ல கண்ணு, வாய் வரைஞ்சுடுங்க, அப்பதான் உப்பும்போது முகம் விரியும், அதப் பாக்கறதுதான் குழந்தைங்களுக்கு உயிரே. அப்புறம் ஒரு பேப்பர கூம்பு மாதிரி சுருட்டி பலூன் வாயில வச்சு ரெண்டு டீஸ்பூன் சோடா, தலை தட்டி. பலூன் வாய பாட்டில் கழுத்துல மாட்டி, பெரியவங்க ஒருத்தர் கழுத்த இறுக்கப் பிடிச்சுக்கணும், பையன் பலூனத் தூக்கி சோடாவ கொட்டட்டும். சின்ன முலாம்பழம் அளவுக்கு வரும்.

பாட்டில தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, சில்லுனு இருக்கும். இந்த ரியாக்ஷன் நடக்கறதுக்கு சூடு வேணும், அத வினிகர்ல இருந்தே எடுத்துக்குது. எங்க வீட்டுல பொண்ணு அத தொட்டுட்டு "பேய் வந்தா குளிரும்ல, அதான்"னு சொன்னா, நான் உடனே மறுக்கல, சரி வெறும் வினிகர் பாட்டில் ஒண்ணு பக்கத்துல வச்சு ரெண்டையும் தொட்டுப் பாருன்னேன், அவளே வித்தியாசத்த கண்டுபிடிச்சா. இன்னொண்ணும் கேப்பாங்க, பேய் ஏன் பறக்கலன்னு. கார்பன் டை ஆக்சைடு நம்ம காத்த விட ஒன்றரை மடங்கு கனம், அதான் கீழ உக்காந்துக்குது. கடைல வாங்கற ஹீலியம் பலூன் ஒண்ணு இருந்தா பக்கத்துல விட்டு காமிங்க, தனியா பாடமே எடுக்க வேணாம்.

ஒரு விஷயம், பேக்கிங் பவுடர் போடாதீங்க. அதுல ஏற்கனவே ஆசிட் பொடியும் மாவும் கலந்திருக்கும், கேஸ் கம்மியா வரும். ஊர்ல ஆப்ப சோடான்னு சொல்றோமே, அதுதான் இங்க பேக்கிங் சோடா.

கிச்சன்ல இருக்கறத வச்சுன்னு கேட்டீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது மஞ்சத்தூள். ஒண்ணு ஆசிடா இல்லையான்னு பாக்க இங்க பிள்ளைங்க ஸ்பெஷல் பேப்பர் வாங்குவாங்க, நமக்கு அஞ்சறைப்பெட்டி போதும். ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள காயத்துக்கு துடைக்கிற ரப்பிங் ஆல்கஹால்ல கலக்குங்க, மஞ்சள் தண்ணில சரியா கரையாது, திட்டுத்திட்டா ஆயிடும், அதனாலதான் ஆல்கஹால். இத மட்டும் பெரியவங்க பண்ணுங்க, ஜன்னல் திறந்து வச்சு, அடுப்பு பக்கத்துல இல்லாம. வெள்ளை பேப்பர்ல ப்ரஷ்ல பூசி காய விடுங்க. அடியில நியூஸ்பேப்பர் கண்டிப்பா போடுங்க, கவுன்டர்ல கறை பட்டா போகாது. காஞ்சதும் அரை டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் சோடா கலக்கி, குழந்தை விரல அதுல முக்கி பேப்பர்ல எழுதட்டும். மஞ்சள்ல ரத்தம் மாதிரி செம்பழுப்பா எழுத்து வரும், முழுக் கையையும் முக்கி அழுத்தினா ரத்தக் கை. அப்புறம் எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணிய பஞ்சுல தொட்டு வச்சா திரும்ப மஞ்சளாயிடும்.

எங்க பொண்ணு இத முதல் தடவை பாத்தப்ப ஹாலோவீன் எல்லாம் மறந்துட்டா. "அம்மா, ஆரத்தி!"ன்னா. ஊருக்குப் போனப்ப பாட்டி மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டு செவப்பாக்கினத பாத்திருக்கா. அதேதான். மஞ்சள்ல இருக்கிற குர்க்குமின் காரத்தப் பாத்தா (மிளகாய் காரம் இல்ல, ஆசிடுக்கு எதிர் குணம் உள்ளது) செவக்கும், புளிப்பப் பாத்தா மஞ்சளாகும். சோடா லேசான காரம், அதனால செம்பழுப்பு, சுண்ணாம்பு பலமான காரம், அதனால அந்த ஆரத்தி செவப்பு. ஆனா நீங்க சுண்ணாம்பு எடுக்காதீங்க, கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து, சோடாவே போதும்.

4 வயசு பொண்ணுக்கு வௌவால் பண்ணுங்க. கெட்டி அட்டைல இறக்கைய நல்லா அகலமா வரைஞ்சு வெட்டுங்க, ரெண்டு இறக்கை நுனியும் மூக்க விட முன்னாடி வர்ற மாதிரி, கொஞ்சம் கீழ வளைச்சு விட்டு, நுனிக்கு அடியில ஆளுக்கொரு பென்னி காசு ஒட்டுங்க. மூக்க விரல் மேல வச்சா வௌவால் விழாம மிதக்கிற மாதிரி நிக்கும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை எதனால விழாம நிக்குதோ அதேதான், கனம் எல்லாம் கீழ. காச எடுத்துட்டு வச்சுப் பாருன்னு அவகிட்ட சொல்லுங்க. அவ்வளவு போதும்.

ஸ்லைம், ட்ரை ஐஸ் பத்தி. போராக்ஸ் (வெங்காரம்) போட்ட ஸ்லைம், அந்த கொழகொழன்னு இருக்கிற விளையாட்டுப் பசை, நான் சின்ன பிள்ளைங்களுக்கு செய்றதில்ல, கைய வாயில வைக்கிற வயசு, வேணாம். அதுக்கு பதிலா கார்ன் ஸ்டார்ச் ரெண்டு கப், தண்ணி ஒரு கப், கொஞ்சம் பச்சை ஃபுட் கலர். கடைல கார்ன் ஸ்டார்ச்னே பாத்து எடுங்க, நம்ம ஊர்ல கார்ன் ஃப்ளோர்னு சொல்றது அதுதான், இங்க கார்ன் ஃப்ளோர்னா மக்காச்சோள மாவு, அதுல இது வராது. குத்தினா கல்லு மாதிரி, மெதுவா விரல விட்டா கூழ் மாதிரி. முடிஞ்சதும் சிங்க்ல மட்டும் கொட்டாதீங்க, பைப் அடைச்சுக்கும், குப்பைல போடுங்க. ட்ரை ஐஸ் வேண்டவே வேண்டாம், அது உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி, தொட்டா தோல் வெந்த மாதிரி ஆயிடும், மூடி போட்ட பாட்டில்ல வச்சா வெடிக்கும்.

இத தயவு செஞ்சு கேளுங்க, பூசணிக்காய்க்குள்ள வைக்கிற குட்டி எல்ஈடி விளக்குல பட்டன் பேட்டரி இருக்கும். அந்த மூடி ஸ்க்ரூ போட்டதான்னு பாத்து வாங்குங்க. குழந்தை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்துடும், வாந்தி வருதான்னு எல்லாம் காத்திருக்காம உடனே எமர்ஜென்சி போகணும். பலூனும் அப்படித்தான், ஊதாத பலூன், உடைஞ்ச துண்டு எதுவும் உங்க ரெண்டு பிள்ளைங்க கைலயும் தனியா இருக்கக் கூடாது. பலூன் பாக்கெட்லயே 8 வயசுக்கு கீழன்னு எச்சரிக்கை போட்டிருப்பான், மூச்சுக்குழாய்ல போய் ஒட்டிக்கும். எண்ணி எடுங்க, எண்ணி குப்பைல போடுங்க.

பையன் அழுதான்னு சொன்னீங்கள்ல, அவனோட மறுபடி அந்த பேயையே பண்ணுங்க, ஆனா இந்த தடவை மூணு பாட்டில். மூணுலயும் ரெண்டு டீஸ்பூன் சோடா, வினிகர் மட்டும் 15, 75, 150 மில்லி. அந்த 15 மில்லி பாட்டில்தான் அன்னிக்கு படுத்த பேய். எது பெருசா வரும்னு முதல்ல அவனே சொல்லட்டும், பேப்பர்ல எழுதிடுங்க, அப்புறம் ஒரு நூல வச்சு பலூன் சுத்தளவு எடுக்கட்டும், நூல வெட்டி வரிசையா ஒட்டினா அதுவே சார்ட். அவன் சொன்னது தப்பாப் போனாலும் அடிச்சு எழுத விடாதீங்க, அப்படியே இருக்கட்டும். வினிகர் மட்டும் கேலன் கேனா வாங்கிடுங்க, இன்னொரு தடவைன்னு கண்டிப்பா கேப்பாங்க.